ஐந்து மில்லி கிராம் வெள்ளைத் தூள்

பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி, கைக்கு வரும்போது, அது வந்திருக்கிறதா என்றே சந்தேகம் வரும். 5 மில்லி கிராம் என்று லேபிள் ஒட்டிய கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது. பக்கச் சுவரில் சிலந்தி வலை படிந்ததுபோல ஒரு வெண்படலம் மட்டும் தெரியும். உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை இழுத்து உலர்த்திய பொருள் அப்படித்தான் இருக்கும். மூடியைத் திறந்த வேகத்தில் நிலைமின்சாரம் ஏறி, தூள் கையுறையில் ஒட்டிக்கொண்டு போனது உண்டு. காலிக் குப்பி என்று நினைத்துக் கழுவும் தொட்டியில் போட்டதும் உண்டு. இந்த வேலையில் ஊறியவர்கள் புதிதாகச் சேரும் மாணவருக்கு எடுத்த எடுப்பில் வேதியியல் சொல்லித் தருவதில்லை. குப்பியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு நிமிடம் சுற்றி, தூளை அடிக்கு இறக்கச் சொல்லித் தருகிறார்கள்.

இந்தத் தூளைச் செய்வதே பெரும்பாடாக இருந்த காலம் உண்டு. 1953-ல் அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ ஆக்ஸிடோசின் ஹார்மோனைச் செயற்கையாகச் செய்து காட்டினார். அதில் இருப்பவை 9 அமினோ அமிலங்கள்தான். ஆனாலும் 1955-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அது முக்கியக் காரணம். அன்று ஒவ்வொரு அமினோ அமிலத்தைக் கோத்த பிறகும் கிடைத்ததைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கோக்க முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் குறைந்துகொண்டே வரும்.

1963-ல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் புரூஸ் மெரிஃபீல்ட் அந்த வழியையே மாற்றினார். முதல் அமினோ அமிலத்தைக் கரையாத பிளாஸ்டிக் மணியில் கட்டிவிட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போவது அவர் கண்ட முறை. மிச்சமீதியைக் கரைப்பானால் கழுவி ஊற்றினால் போதும்; சங்கிலி மணியிலேயே இருக்கும். இந்த முறையை அறிவித்த கட்டுரையில் அவர் செய்து காட்டியது 4 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு சங்கிலி. 1969-ல் அதே முறையில் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் நொதியைச் செய்தார்கள். 1984-ல் மெரிஃபீல்டுக்கு நோபல் வந்தது. அதே 1963-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டார்கள். சங்கிலியைச் செய்யும் வழியும் அதன் வடிவைப் புரிந்துகொள்ளும் வழியும் ஒரே ஆண்டில் கிடைத்தது இந்தத் துறைக்கு வாய்த்த பேறு.

மெரிஃபீல்ட் முறையின் பழைய வடிவத்தில், முடிந்த சங்கிலியை மணியிலிருந்து வெட்டி எடுக்க ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வேண்டும். அது கண்ணாடியையே அரிக்கும் பொருள். டெஃப்லான் குழாய்களால் ஆன தனி அமைப்பு, அதற்கென்று தனிப் புகைக்கூண்டு, பக்கத்தில் எப்போதும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. அதைக் கையாளும் நாளில் ஆய்வகத்தில் யாரும் தனியாக வேலை செய்ய மாட்டார்கள். 1970-ல் லூயி கார்ப்பினோ கொண்டுவந்த எஃப்மாக் என்னும் காப்புத் தொகுதி (வேண்டாத நேரத்தில் கோப்பு நடக்காமல் அமினோ அமிலத்தின் நுனியை மூடிவைப்பது), அந்தப் பத்தாண்டின் கடைசியில் மணி முறைக்கும் வந்து சேர்ந்தபோது இந்தப் பயம் விலகியது. டிஎம்எஃப் கரைப்பானில் 20 சதவீதம் பிப்பெரிடின் கலந்து ஊற்றினால் எஃப்மாக் கழன்றுவிடும்; கடைசியில் வெட்டி எடுக்க டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம், அதாவது டிஎஃப்ஏ, போதும். அதுவும் தோலைப் பொசுக்கும் அமிலம்தான். ஆனால் சாதாரணக் கண்ணாடிக் குடுவையில், சாதாரணப் புகைக்கூண்டில் வைத்துச் செய்துவிடலாம். நடுத்தர வசதியுள்ள கல்லூரி ஆய்வகங்கள்கூடப் பெப்டைடு செய்யத் தொடங்கியது இதனால்தான்.

கையால் செய்த காலத்தில் ஒரு நாளுக்கு இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்தாலே நல்ல வேலை. ஒவ்வொன்றும் முழுதாகச் சேர்ந்ததா என்று பார்க்க நின்ஹைட்ரின் சோதனை. குடுவையிலிருந்து நாலைந்து மணிகளைக் கண்ணாடிக் குச்சியால் எடுத்து, சிறு சோதனைக் குழாயில் போட்டு, மருந்துகளைச் சொட்டி, சூடான கட்டையில் 5 நிமிடம் வைக்க வேண்டும். மணிகள் மஞ்சளாகவே இருந்தால் மேலே போகலாம். நீலம் ஏறினால் சங்கிலியின் நுனிகள் சில இன்னும் காலியாக இருக்கின்றன என்று பொருள். அதே அமினோ அமிலத்தை மறுபடி ஊற்ற வேண்டும். நுனியில் புரோலின் இருந்தால் நீலம் சரியாக வராது, செம்பழுப்புதான் வரும். அது தெரியாமல் ‘எல்லாம் சேர்ந்துவிட்டது’ என்று மேலே போய், பத்து நாள் உழைப்பை இழந்தவர்கள் பலர்.

அந்த நீலத்தை அவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் ஒரு எளிய பெருக்கல் கணக்கு. ஒவ்வொரு கோப்பும் 99 சதவீதம் முடிந்தால், 20 கோப்புகளுக்குப் பிறகு சரியான சங்கிலி 82 சதவீதம் இருக்கும். அதுவே 95 சதவீதம் என்றால் 36 சதவீதம்தான் மிஞ்சும். மீதியெல்லாம் எங்கோ ஒரு அமினோ அமிலம் விடுபட்ட சங்கிலிகள். அவை சரியான சங்கிலியைப் போலவே கரையும், போலவே நகரும். பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வெட்டி எடுத்ததைக் குளிர்ந்த ஈதரில் ஊற்றினால் பெப்டைடு வெள்ளையாகத் திரண்டு இறங்கும். பாடநூலில் இது ஒரு வரி. சென்னையில் மே மாதத்தில் அது ஒரு வரி அல்ல. டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, வெளியே வெயில் அதைத் தாண்டி நிற்கும். ஏசி நின்றுபோன அறையில் பாட்டில் மூடியைத் தளர்த்தினாலே ஆவி சீறும், ஒரு தீப்பொறி போதும். கொதிநிலை 55 டிகிரியான மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதருக்குப் பல ஆய்வகங்கள் மாறியதில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு. பழைய ஈதரில் இன்னொரு கேடும் இருக்கிறது. திறந்து வைத்த பாட்டிலில் பெராக்ஸைடு சேரும். அது வெடிக்கவும் செய்யும், பெப்டைடில் உள்ள மெத்தியோனினை ஆக்ஸிஜன் ஏற்றிக் கெடுக்கவும் செய்யும்.

அப்படிக் கெட்டது முன்பெல்லாம் பல சமயம் தெரியாமலே போகும். கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஒற்றை முகடு வந்தால் சுத்தம். 110 டிகிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 24 மணி நேரம் வேகவைத்து, அமினோ அமிலங்களை எண்ணிப் பார்த்து விகிதம் சரியாக இருந்தால் சரியான பொருள். அவ்வளவுதான் சோதனை. ஜான் ஃபென், கோய்ச்சி தனாகா ஆகியோரின் வேலையால் (2002-ல் நோபல்) பெரிய மூலக்கூறுகளையும் சிதைக்காமல் நிறைமானியில் எடை பார்க்க முடிந்த பிறகுதான் உள்ளே நடப்பது தெரியவந்தது. எடை 16 கூடினால் மெத்தியோனினில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது. 57 குறைந்தால் ஒரு கிளைசின் விடுபட்டிருக்கிறது. 56 கூடினால் ஒரு காப்புத் தொகுதி கழலாமல் நிற்கிறது. 2 குறைந்தால் இரண்டு சிஸ்டைன்கள் கைகோத்துவிட்டன. தங்கள் பழைய குப்பிகளை நிறைமானியில் போட்டுப் பார்த்த ஆய்வகங்களுக்கு அது வேதனையான அனுபவம். சுத்தம் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பொருளில் ஒரு பகுதி வேறொன்றாக இருந்தது.

இப்போது பெரும்பாலான ஆய்வகங்கள் பெப்டைடைச் செய்வதில்லை. வரிசையை எழுதி அனுப்பிவிட்டு வாங்கிக்கொள்கின்றன. மாணவர்களின் ஆண்டுகள் மிச்சமாகின்றன, நல்லதுதான். ஆனால் செய்தவருக்குத் தன் குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரியும். வாங்கியவர் கூடவே வரும் தாளைப் படித்தால்தான் தெரியும், அதைப் படிப்பவர்கள் குறைவு.

அந்தத் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சுத்தம்: 95 சதவீதம், 98 சதவீதம் என்பது. இது குப்பியில் உள்ள பெப்டைடு வகைகளுக்குள் சரியான சங்கிலியின் பங்கு. இன்னொன்று பெப்டைடு அளவு: தூளின் மொத்த எடையில் பெப்டைடு எவ்வளவு, உப்பும் நீரும் எவ்வளவு என்பது. இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காததால் வந்த குழப்பங்களைப் போல இந்தத் துறையில் வேறு எதனாலும் வந்திருக்காது. மூலக்கூறு எடை 1200 உள்ள, மூன்று லைசின் கொண்ட ஒரு பெப்டைடை எடுத்துக்கொண்டால், மூன்று லைசினும் சங்கிலியின் முன்நுனியும் ஆளுக்கொரு டிஎஃப்ஏ மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிஎஃப்ஏயின் எடை 114. நான்கு சேர்ந்தால் 456. ஆக 1656 பங்கு தூளில் பெப்டைடு 1200 பங்குதான், அதாவது 72 சதவீதம். இதன்மேல் ஈரமும் சேரும். சுத்தம் 98 என்று தாள் சொல்வது பொய் இல்லை. ஆனால் 5 மில்லி கிராம் குப்பியில் பெப்டைடு மூன்றரை மில்லி கிராம்தான் இருக்கிறது.

ஒரே பெப்டைடை இரண்டு இடங்களில் வாங்கிய ஒரு குழு, செல் சோதனையில் ஒன்று வேலை செய்கிறது, மற்றது அரைகுறையாகத்தான் செய்கிறது என்று பல மாதம் திண்டாடியது. செல்களை மாற்றிப் பார்த்தார்கள், சீரத்தை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு கரைசல்களின் ஒளி உறிஞ்சலையும் 280 நானோமீட்டரில் அளந்தபோது விஷயம் வெளிப்பட்டது. ஒன்று மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு நீர்த்திருந்தது. சங்கிலியில் டிரிப்டோஃபேன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 5500, டைரோசின் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1490 என்று உறிஞ்சல் கெழுவைக் கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். பத்து நிமிட வேலை. தராசில் போட்ட எடையை நம்பி அடர்த்தி எழுதக் கூடாது என்பதை அந்தக் குழு அதன்பிறகு மறக்கவே இல்லை. சங்கிலியில் இந்த இரண்டும் இல்லையென்றால் பழைய அமினோ அமிலப் பகுப்பாய்வுக்கே திரும்ப வேண்டும். இன்றும் அது நம்பகமான அளவீடுதான்.

அடுத்த ஆபத்து குப்பியைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை, ஐப்பசி மாத ஈரக்காற்றில், எடுத்த கையோடு திறந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் குப்பியின் வெளியே பனிபோல மங்கல் படியும். மூடி கழன்றதும் அந்த மங்கல் உள்ளேயும் ஏறும். வெண்படலமாக இருந்த தூள் ஓரத்திலிருந்து சுருங்கும். நடுவில் கண்ணாடிபோலத் தெளியும். இரண்டு மூன்று நிமிடத்தில் குப்பிச் சுவரில் பிசின் வழிந்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கவும் முடியாது, எடைபோடவும் முடியாது. மறுபடி மூடி ஃப்ரீசரில் வைத்தாலும் உள்ளே போன நீர் உள்ளேயே இருந்து தன் வேலையைச் செய்யும். இதைத் தடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். குப்பியை மூடியபடியே சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வைத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும். அவசரக்காரர்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் கசக்கிறது.

உலர்ந்த தூளாக இருக்கும்வரை பெப்டைடு கெட்டிக்காரப் பொருள். கூரியரில் சாதாரண வெப்பத்தில் ஒரு வாரம் பயணம் செய்தாலும் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மைனஸ் 20 டிகிரியில், ஈரம் படாமல், இருட்டில் இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நீரில் கரைத்த நிமிடத்திலிருந்துதான் அதன் ஆயுள் எண்ணப்படுகிறது. எப்படிக் கெடும் என்பதையும் வரிசையே சொல்லிவிடும். அஸ்பராஜினுக்கு அடுத்து கிளைசின் இருந்தால் அந்த இடம் முதலில் போகும். அமோனியா கழன்று, அந்த இடத்தில் நீர் சேர்ந்து, எடை 1 மட்டும் கூடும். முன்நுனியில் குளுட்டமின் இருந்தால் தானே வளைந்து மூடிக்கொண்டு 17 குறையும். அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு அடுத்து புரோலின் இருந்தால் அமிலத்தில் அந்த இடம் அறுபடும். சிஸ்டைன் காற்று பட்டால் இணைந்துகொள்ளும். மெத்தியோனினுக்கும் டிரிப்டோஃபேனுக்கும் ஆக்ஸிஜன் ஆகாது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும் குப்பிகளிலும் நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி மூடுவது நல்ல பழக்கம்.

கரைப்பதிலும் வரிசையைப் படிப்பதே பாதி வேலை. லைசின், ஆர்ஜினின் மிகுந்தவை நீரிலேயே கரையும். தயங்கினால் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் உதவும். அஸ்பார்ட்டிக், குளுட்டமிக் அமிலங்கள் மிகுந்தவற்றுக்கு நீர்த்த அமோனியம் பைகார்பனேட். எண்ணெய்த்தன்மை மிகுந்தவற்றை முதலில் மிகக் குறைந்த அளவு டிஎம்எஸ்ஓ கரைப்பானில் முழுதாகக் கரைத்து, பிறகு கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக பஃபர் கரைசலில் விட வேண்டும். தலைகீழாகச் செய்தால், அதாவது பஃபரில் கலங்கிப்போன பிறகு டிஎம்எஸ்ஓ ஊற்றினால், பெரும்பாலும் மீளாது. சிஸ்டைனோ மெத்தியோனினோ உள்ளவற்றுக்கு டிஎம்எஸ்ஓ வேண்டாம். அது ஆக்ஸிஜன் ஏற்றும். குப்பி முழுவதையும் ஒரே நேரத்தில் பஃபரில் கொட்டிக் குலுக்குவதைவிட, துளித் தூளில் முயன்று பார்த்துவிட்டுத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இந்தப் பாடத்தை அல்சைமர் ஆய்வாளர்கள் அனுபவித்ததுபோல வேறு யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள். அமிலாய்டு பீட்டா என்னும் 42 அமினோ அமிலச் சங்கிலிகள், கரைத்ததும் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். தூளிலேயே முன்கூட்டி ஒட்டிய சிறு கட்டிகள் இருந்தால் அவையே விதைகளாகி வேகத்தைக் கூட்டும். அதனால் ஒரே ஆய்வகத்தில் திங்கள்கிழமை கரைத்தது ஒரு மாதிரியும் வியாழக்கிழமை கரைத்தது வேறு மாதிரியும் நடந்துகொண்டது. ஹெக்ஸாஃப்ளூரோ ஐசோபுரோப்பனாலில் கரைத்து, பழைய ஒட்டல்களைப் பிரித்து, மெல்லிய படலமாக உலர்த்தி, அந்தப் படலத்தைச் சேமித்து, வேண்டும்போது டிஎம்எஸ்ஓவில் எடுத்து நீர்க்கும் வழக்கம் வந்த பிறகுதான் முடிவுகள் ஓரளவு ஒத்துப்போகத் தொடங்கின.

கரைசலை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து உறையவைப்பதே வழி. ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைப்பதுபோலக் கேடு வேறில்லை. உறையும்போது நீர் முதலில் பனிக்கட்டியாகும். மிஞ்சும் துளியில் பெப்டைடும் உப்பும் நெருக்கிக்கொண்டு ஒட்டும். சோடியம் பாஸ்பேட் பஃபராக இருந்தால் அதில் ஒரு உப்பு மட்டும் முந்திப் படிகமாகி, 7-ல் இருந்த பிஎச் 4 அருகே இறங்கிவிடும். பாஸ்பேட் பாதுகாப்பானது என்று நம்பி அதிலேயே உறையவைத்தவர்கள் ஏராளம். பனி படியாத நவீன ஃப்ரிட்ஜ்களும் இதற்கு உதவாது. பனியை உருக்க அவை அவ்வப்போது தாமே சூடாகும். ஓரத்தில் வைத்த சிறு குழாய் ஒவ்வொரு முறையும் இளகி உறையும்.

மின்சாரமும் இதில் ஒரு பங்காளி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாள்களுக்குப் பிறகு ஃப்ரீசரைத் திறக்கும்போது தூளாக வைத்ததற்கும் கரைசலாக வைத்ததற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். மூடி இறுகிய தூள் குப்பிகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். கரைசல் குழாய்கள் மறுபடி உறைந்து பார்வைக்கு முன்போலவே இருக்கும், அதுதான் பெரிய ஆபத்து. ஃப்ரீசருக்குள் ஒரு டம்ளர் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைக்கும் வீட்டு வழக்கம் ஆய்வகத்துக்கும் பொருந்தும். நாணயம் பனிக்கட்டிக்குள் அமிழ்ந்திருந்தால் அந்தக் குழாய்களை எறிந்துவிட வேண்டியதுதான்.

மிக நீர்த்த கரைசல்களில் வேறொரு இழப்பு. நானோமோலார் அளவில் பெப்டைடில் கணிசமான பகுதி குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நேர்மின்னேற்றம் மிகுந்தவை கண்ணாடியிலும், எண்ணெய்த்தன்மை மிகுந்தவை பிளாஸ்டிக்கிலும். அடர்த்தியாக வைத்து, பயன்படுத்தும் வேளையில் நீர்ப்பதே சரி. சோதனை இடம் கொடுத்தால் 0.1 சதவீதம் ஆல்புமின் சேர்ப்பதும் உண்டு. செல்களில் போடும் வேலைக்கு டிஎஃப்ஏ உப்பு ஏற்றதல்ல. அது செல்களின் வளர்ச்சியையே பாதிக்கக்கூடியது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறையுலர்த்துவதை இரண்டு மூன்று முறை செய்து குளோரைடாக மாற்றலாம், அல்லது அசிட்டேட்டாகவே கேட்டு வாங்கலாம். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று எழுதிய குப்பியில் கிருமி நீக்கம் இல்லை, பாக்டீரிய நச்சுச் சோதனை இல்லை, தாளில் சொல்லாத உப்பும் இருக்கலாம். அதை மனித உடம்பில் ஏற்றுவது, எவர் எதற்காகச் சொன்னாலும், செய்யக் கூடாத காரியம்.

பத்து ஆண்டு பழகிய எந்த ஆய்வகத்தின் ஃப்ரீசரிலும் அடித்தட்டில் ஒரு டப்பா இருக்கும். அதில் ‘பெப் 3, புதுசு’ என்று மார்க்கரில் எழுதி, ஆல்கஹால் பட்டுப் பாதி அழிந்துபோன குப்பிகள் கிடக்கும். எழுதிய மாணவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டிருப்பார். உள்ளே இருப்பது இன்னமும் நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் யாராலும் பயன்படுத்த முடியாது. அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரிசை, உப்பின் பெயர், பெப்டைடு அளவு, கரைத்த பஃபர், கரைத்த தேதி, எத்தனை முறை உருக்கியது ஆகிய ஆறையும் அழியாத பேனாவில் குப்பியிலும், அதே எண்ணிட்டு நோட்டிலும் எழுதிவிட்டுப் பிறகு ஃப்ரீசர் கதவை மூடுங்கள்.